புயல் இரவில் பேசும் ரேடியோ

2020ஆம் ஆண்டு மே மாதம் 20ந் தேதி, புதன்கிழமை. ஊரடங்கு காரணமாகக் கல்கத்தா நகரமே ஏற்கனவே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. பிற்பகலில் 'அம்பன்' புயல் சுந்தரவனக் கரையைத் தாண்டி உள்ளே வந்தது. இருட்டும் நேரத்தில் நகரத்தில் காற்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது. ஜன்னல் கதவுகள் பிய்த்துக்கொண்டு போயின. லேக் மார்க்கெட்டை அடுத்த ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் பல ஆண்டுகள் வளர்ந்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. முதலில் மின்சாரம் போயிற்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்போன்களும் ஊமையாயின.

இங்கே இருந்தவர்களுக்குப் புயல் என்றால் என்னவென்று கண்ணெதிரே தெரிந்தது. திருநெல்வேலியிலும் கும்பகோணத்திலும் இருந்த பெற்றோருக்கு டெலிவிஷனில் வந்த படங்கள் மட்டும்தான் தெரிந்தன. "நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது" என்ற குரலைத் தவிர வேறு பதில் இல்லை. சில பேட்டைகளில் இரண்டு மூன்று நாட்கள் இப்படியே கழிந்தன. பிள்ளை பிழைத்திருக்கிறானா என்ற கேள்வியோடு ஊரில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் இருந்திருக்கும்!

வெளியூரில் பிழைக்கும் குடும்பங்களுக்குப் புயலால் வரும் கஷ்டம் இரண்டு வகை. ஒன்று உடம்புக்கும் உடைமைக்கும் வருவது. மற்றொன்று, சேதி தெரியாமல் தவிப்பது. இரண்டாவது கஷ்டத்துக்கு ஒரு மருந்து நூறு ஆண்டுகளாகவே இருக்கிறது. அதன் பெயர் அமெச்சூர் ரேடியோ. சுருக்கமாக 'ஹாம்' ரேடியோ. இந்தியாவில் அது முதன்முதலில் முளைத்த ஊர்களில் ஒன்று நம்மவர்கள் வேலை பார்க்கும் இதே கல்கத்தாதான்.

போன் ஏன் ஊமையாகிறது?

செல்போன் கம்பியில்லாமல் பேசுகிறது என்பது பாதி உண்மை. கையிலிருக்கும் போனிலிருந்து பக்கத்துக் கோபுரம் வரைக்கும்தான் அது காற்று வழியாகப் போகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் பூமிக்கடியிலோ கம்பங்களிலோ போகும் கண்ணாடி இழைக் கேபிள்தான் பேச்சைச் சுமக்கிறது. மரம் வேரோடு பெயர்ந்து விழும்போது கேபிளும் அறுகிறது.

கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பாட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். தெருவெல்லாம் மரம் கிடந்தால் டீசல் லாரி எப்படி வரும்? அம்பன் அடித்த பின் கல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்து கிடந்தன. அவற்றை அகற்ற ராணுவத்தையே கூப்பிட வேண்டியதாயிற்று. மிஞ்சி நிற்கும் ஓரிரு கோபுரங்களிலும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச முயல்வதால் ஒருவருக்கும் இணைப்புக் கிடைப்பதில்லை.

இது கல்கத்தாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2015 டிசம்பர் முதல் தேதியும் இரண்டாம் தேதியும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது தவிப்பு தலைகீழாக மாறியது. கல்கத்தாவில் இருந்த பிள்ளைகள் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் இருந்த பெற்றோரை அழைத்து அழைத்துச் சோர்ந்தார்கள்.

இன்னும் பழைய கதை, ரயில்வே குடும்பங்களில் இன்றும் பேசப்படுவது, தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ந் தேதி இரவு பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் ரயிலைக் கடல் அலை மூழ்கடித்தது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து போனதால், நடந்த விபரீதம் உடனே வெளியே தெரியவில்லை.

காற்றே கம்பி

ஹாம் ரேடியோக்காரருக்கு நடுவில் கோபுரமும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். பேசும் பெட்டி ஒன்று, 12 வோல்ட் கார் பாட்டரி ஒன்று, மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கட்டிய செப்புக் கம்பி. இவ்வளவுதான் அவருடைய நிலையம்.

40 மீட்டர் அலைவரிசை என்று சொல்லப்படும் 7 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் பேசுவதற்குச் சுமார் 20 மீட்டர், அதாவது 66 அடி நீளக் கம்பி போதும். அதை நடுவில் இரண்டாக வெட்டி அங்கிருந்து ஒரு வயரைப் பெட்டிக்கு இறக்குவார்கள். புயல் முடிந்த அரை மணி நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து இதை மறுபடியும் கட்டிவிடலாம்.

இந்தச் சிற்றலை வானத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள மின்னூட்டம் பெற்ற காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்குகிறது. ஆகவே சுமார் 100 வாட் சக்தியை வைத்துக்கொண்டே கல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் பேச முடியும். பகலில் ஒரு அலைவரிசை நன்றாக வேலை செய்தால் இரவில் வேறொன்று கைகொடுக்கும். எந்த நேரத்தில் எது எடுக்கும் என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

ஊருக்குள்ளே பேசுவதற்கு வேறு வகை உண்டு. அது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள வரிசை. கையில் பிடித்துக்கொள்ளும் சிறிய பெட்டியே போதும். இந்த அலை நேர்கோட்டில் போவது. நடுவில் கட்டிடம் மறைத்தால் தடைப்படும். ஆகவே உயரமான இடத்தில் 'ரிப்பீட்டர்' என்ற எதிரொலிப் பெட்டியை வைத்து எட்டும் தூரத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

கல்கத்தாவின் பங்கு

கம்பியில்லாத் தந்திக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள உறவு பழையது. ஜகதீஷ் சந்திர போஸ் 1895ல் கல்கத்தா டவுன் ஹாலில் மின்காந்த அலையைச் சுவர்களைத் தாண்டி அனுப்பி, தொலைவில் ஒரு மணியை அடிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். கூடியிருந்த துரைமார்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

1921ல் அமரேந்திர சந்திர குப்து, முகுல் போஸ் என்ற இருவர் 2ஜே.கே., 2எச்.க்யூ. என்ற அழைப்புக் குறிகளோடு ஒலிபரப்பத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் ஹாம் ரேடியோக்காரர்கள் என்று இவர்களையே குறிப்பிடுகிறார்கள். பின்னாளில் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம் ரேடியோக்காரர்தான். வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக் குறி.

புயலுக்கும் கல்கத்தாவுக்கும் உள்ள உறவோ இன்னும் பழையது. 1864 அக்டோபர் 5ந் தேதி அடித்த புயலில், ஹூக்ளியில் ஏறி வந்த கடல் வெள்ளத்திலும் அதன் பின் வந்த நோயிலும் சுமார் 60,000 பேர் மாண்டதாகச் சொல்வார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு இங்கே தொடங்கியது. 1875ல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டபோது அதன் தலைமையகம் கல்கத்தாவில்தான் இருந்தது.

2009 மே 25ல் 'அய்லா', 2019 நவம்பரில் 'புல்புல்', 2020ல் 'அம்பன்', 2021 மே 26ல் 'யாஸ்', 2024 மே 26 இரவு 'ரெமால்' என்று வரிசையாக வந்தவற்றை நினைத்தால், மே மாதமும் அக்டோபர், நவம்பரும் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய மாதங்கள் என்பது விளங்கும்.

அந்தமானில் ஓர் அதிகாலை

ஹாம் ரேடியோவின் அருமையை நாடே தெரிந்துகொண்ட நாள் 2004 டிசம்பர் 26. சுனாமி நாள்.

அந்தமானில் ஹாம் ரேடியோ நடத்த நெடுங்காலமாக அனுமதி கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கினார். அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு குழுவோடு போர்ட் பிளேயரில் நிலையம் போட்டு உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட அழைப்புக் குறி வி.யு.4 ஆர்.பி.ஐ. உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள் அந்தமானோடு பேசிய பெருமைக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

26ந் தேதி காலை ஏறக்குறைய 6.29 மணிக்குப் பூமி குலுங்கியது. போர்ட் பிளேயரில் மின்சாரமும் டெலிபோனும் நின்றன. பாரதி உடனே பொழுதுபோக்கை நிறுத்தினார். விளையாட்டுக்காகக் கட்டிய ஏரியலே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் நடுவில் செய்திப் பாலமாகிவிட்டது. யார் பத்திரம், எங்கே என்ன தேவை என்ற செய்திகள் அதன் வழியாகப் போயின, வந்தன. பிறகு அதிகாரிகளின் அலுவலகத்திலேயே நிலையம் வைத்து வேலை செய்தார்கள். பலத்த அழிவுக்கு ஆளான கார் நிக்கோபாருக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் பெட்டியோடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தமானில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. போர்ட் பிளேயருக்குக் கப்பல் போவது சென்னையிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும்தான். அங்கே உறவினர் இருந்த பலருக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொங்கலன்று சாகர் தீவில்

நம் வீடுகளில் பொங்கல் பானை பொங்கும் நாளில் கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் லட்சக்கணக்கானோர் புனித நீராடுகிறார்கள். வடக்கே பல மாநிலங்களிலிருந்து வரும் முதியவர்கள் அந்தக் கூட்டத்தில் காணாமற் போவது வழக்கம். பலருக்குச் சொந்த ஊரின் பெயரைத் தவிர வேறு விலாசம் தெரியாது.

அங்கே பல ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருகிறது மேற்கு வங்க ரேடியோ கிளப். இதன் செயலாளர் அம்பரீஷ் நாக் பிஸ்வாஸின் பெயர் பத்திரிகைகளில் அடிக்கடி வருவதுண்டு. வழி தவறிய முதியவரிடம் பேசிப் பார்த்து, அவர் சொல்லும் ஊர்ப் பெயரை அந்தந்த மாநிலத்தில் உள்ள நண்பர்களுக்கு அனுப்பி, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைக்கிறார்கள். மனநிலை பாதிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்து, வங்காளத்து ஆஸ்பத்திரிகளில் கிடந்தவர்கள்கூட இவர்கள் முயற்சியால் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இந்தச் சேவைக்குக் கூலி கிடையாது. ஹாம் ரேடியோவைக் கொண்டு பணம் சம்பாதிக்கக் கூடாது என்பது சட்டமே.

தந்தி போல ஒரு சேதி

2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவை மூடப்பட்டது. தந்தி எழுதத் தெரிந்த தலைமுறைக்கு ஹாம் ரேடியோ மூலம் சேதி அனுப்புவது சுலபம். நீட்டி முழக்கினால் நேரமும் பாட்டரியும் வீணாகும். யாருக்கு, எந்த ஊர், டெலிபோன் எண் என்ன, யாரிடமிருந்து என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். சேதி இருபது வார்த்தைக்குள் அடங்க வேண்டும். "நால்வரும் நலம். வீட்டுக்குச் சேதமில்லை. மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யாது. கவலை வேண்டாம். போன் வந்ததும் பேசுகிறோம்" என்று எழுதினால் போதும். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாம் ரேடியோக்காரர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, உள்ளூர் டெலிபோனில் உறவினரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

தமிழ்ப் பெயர்கள் வங்காளிகளின் வாயில் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. இரைச்சலுக்கு நடுவே தென்காசி என்பது வேறு ஏதாவது ஊராகிவிடலாம். இதற்காகவே ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு சொல் உண்டு. தென்காசியை "டேங்கோ, எக்கோ, நவம்பர், கிலோ, ஆல்ஃபா, சியரா, இந்தியா" என்று சொன்னால் எந்த நாட்டுக்காரரும் பிழையில்லாமல் எழுதிக்கொள்வார். ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் ஆங்கிலத்தில் சரியான எழுத்துக்களோடு எழுதி வைத்துக்கொள்வது ஒவ்வொரு வீட்டுக்கும் நல்லது.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

ரேடியோ சேதி சொல்லும். சேதி சொல்ல ஆள் பத்திரமாக இருக்க வேண்டுமே! வாடகை வீட்டில் குடியிருக்கும் சாதாரணக் குடும்பமும் அதிகச் செலவில்லாமல் செய்துவிடக்கூடியவை இவை:

தண்ணீர்: மின்சாரம் நின்றால் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது. அம்பன் சமயத்தில் மக்கள் தெருவில் உட்கார்ந்து மறியல் செய்தது விளக்குக்காக மட்டுமல்ல, தண்ணீருக்காகவும்தான். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர் வேண்டும். எச்சரிக்கை வந்த உடனே குடம், தவலை, பக்கெட் எல்லாவற்றையும் நிரப்பி மூடி வைக்க வேண்டும்.

சாப்பாடு: அவல், பொரி, வெல்லம், ரொட்டி, பால் பவுடர். அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியவையாக இருந்தால் நல்லது.

வெளிச்சம்: டார்ச் விளக்கும் மாற்றுப் பாட்டரிகளும். காற்று வீசும் வீட்டில் மெழுகுவர்த்தி ஆபத்து. திரைச்சீலையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வர வழியிருக்காது.

போன்: புயலுக்கு முன்பே முழுக்க சார்ஜ் செய்து வைக்க வேண்டும். பவர் பாங்க் ஒன்றும் இருக்கட்டும். பேச்சு எடுக்காத நேரத்திலும் எழுத்துச் செய்தி சில சமயம் போய்ச் சேரும். அதற்குத் தேவைப்படும் நேரமும் இடமும் மிகக் குறைவு.

ஊரில் ஒரு ஆள்: பத்து உறவினருக்குத் தனித்தனியே சொல்ல முயல வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருவரை, அத்தையோ மாமாவோ, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அவருக்கு ஒரு சேதி போனால் போதும். மற்றவர்கள் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் அவர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும். போன் செத்துவிட்டால் அதற்குள் இருக்கும் எண்களும் கைக்குக் கிடைக்காது.

டிரான்ஸிஸ்டர்: பாட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று. வதந்திகளுக்குக் காது கொடுக்காமல் இருக்க இது உதவும்.

மருந்தும் காகிதமும்: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொஞ்சம் ரொக்கம். ரேஷன் கார்டு, ஆதார், இன்ஷூரன்ஸ் பாலிசி, பிள்ளைகளின் சர்டிபிகேட் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரண் மேல் வைக்க வேண்டும். தரைத் தளத்தில் குடியிருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மின்சாரம்: இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் கல்கத்தாவில் 250 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. துர்க்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. அந்த மழையில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் சாகவில்லை. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து செத்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் முன்பே மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஈரக்கையால் தொடக்கூடாது. தெருவில் தண்ணீர் நிற்கும்போது விளக்குக் கம்பம், இரும்பு ஷட்டர், மின்பெட்டி இவற்றின் அருகே போகக்கூடாது. ஆபீசுக்கு ஒரு நாள் லீவு போனாலும் போகட்டும்.

காற்று திடீரென்று ஓய்ந்தாலும் உடனே வெளியே ஓடக்கூடாது. புயலின் கண் மேலே நிற்கும்போது அப்படி ஓயும். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும். அவசர உதவிக்கு நாடெங்கும் 112 என்ற எண் இருக்கிறது.

யார் சேரலாம்?

ஹாம் ரேடியோப் பெட்டியை வாங்கிவிட்டால் மட்டும் பேச முடியாது. மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1978ல் வகுத்த விதிகளின்படி 12 வயதானவரே எழுதலாம் என்று வைத்தார்கள். டிகிரி தேவையில்லை. மின்சாரம், ரேடியோ பற்றிய அடிப்படைப் பாடமும் சட்ட விதிகளும்தான் கேள்விகள். பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம் நினைவிருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. உயர்ந்த தர லைசென்ஸ் வேண்டுவோர் நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் மோர்ஸ் தந்தி அடித்துக் காட்ட வேண்டும்.

கார்டன் ரீச்சிலும் கரக்பூரிலும் ரயில்வே சிக்னலராக இருந்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் சிலருக்கு அந்த 'கட்டு, கட' ஓசை தூக்கத்திலும் மறந்திருக்காது. பேரப்பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து அவர்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

லைசென்ஸ் இல்லாமல் பெட்டியைத் திறந்து பேசினால் சட்டப்படி குற்றம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகளை வாங்கி ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் வீண் வம்பில் மாட்டிக்கொள்வார்கள். புயல் வந்த பிறகு லைசென்சுக்கு மனுப் போட முடியாது. இதற்கு ஓய்ந்த காலத்திலேயே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஹாம் ரேடியோ வேண்டுமென்பதில்லை. தமிழர்கள் நெருங்கி வாழும் ஒவ்வொரு பேட்டையிலும் லைசென்ஸ் பெற்றவர் ஒருவர் இருந்தால் போதும். ஆடி மாதத்தில் சுமங்கலிப் பூஜைக்கும் மார்கழியில் பஜனைக்கும் ஆள் சேர்க்கத் தெரிந்த நம் சங்கங்களுக்கு, பரீட்சைக்குப் பத்துப் பிள்ளைகளைத் தயார் செய்வது பெரிய காரியமல்ல. சங்கத்தின் மொட்டை மாடியில் ஒரு கம்பியும் அலமாரியில் ஒரு பாட்டரியும் இருந்தால், அடுத்த முறை காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, தென்காசியில் ஒரு தாய்க்கு டெலிபோன் மணி அடிக்கும்.

"உங்கள் பையன் நலமாக இருக்கிறான், அம்மா. கல்கத்தாவிலிருந்து ரேடியோவில் சொன்னார்கள்."

அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியும்.